கீழே தண்ணீர் உள்ள தோட்டம்

பம்பாயில் ஒரு ராத்திரியைக் கூட்டினால் தோட்டத்தில் ஒரு ராத்திரி குறைந்துவிடும். சுலோசனா மத்தியானச் சாப்பாடு முடிந்த மேசையிலேயே உட்கார்ந்து, கை கழுவின ஈரம் காய்வதற்குள், இதையே மறுபடி மறுபடி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மிருதுளா கனடாவிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த டேப்லெட் அவள் முன்னால் ரசப் பாத்திரத்தின்மேல் சாய்ந்து நின்றது. வெளியே ஐப்பசி மழை. தில்லைநகரில் இந்த மூன்றாவது மாடிக்கு வந்ததிலிருந்து மழை மேலிருந்து விழுகிறது என்றே அவளுக்குத் தோன்றுவதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டு, கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். உள்ளறையில் கணவர் தனஞ்செயன் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்குகிற மனிதருடைய மூச்சு அவளுக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து கேட்ட மூச்சு. இது விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பவருடைய மூச்சு. மிருதுளா போட்டுக்கொடுத்த திட்டம் என்னவோ சுலபமானதுதான். மாசியில் கிளம்புவது, விமானத்தில் பம்பாய், அங்கே இரண்டு நாள் ஊர் சுற்றுவது, பிறகு ரயிலில் மலையேறி நாசிக், அங்கே ஒயினுக்கென்றே திராட்சை போடுகிற தோட்டம் ஒன்றில் தோட்டத்துக்காரர்களே கட்டிவிட்டிருக்கும் அறையில் இரண்டு நாள், அப்புறம் வீடு. "கல்யாணம், சாவு தவிர நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாச்சும் போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருந்தாள் மிருதுளா. போனதில்லை. ஆனால் அவள் விளையாட்டாகச் சொன்ன யோசனையைத் தனஞ்செயன் பிடித்துக்கொண்ட விதம்தான் சுலோசனாவை உறுத்தியது. சாராய வாடை அடித்தால் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுகிற மனுஷர். "அப்பாவா? ஒயின் தோட்டமா?" என்று மகள் போனில் சிரித்தாள். சுலோசனாவும் கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பினால் அவர் சிரிக்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்துக்குப் போகணும்" என்றார். பம்பாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஆச்சா, சுலோசனா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாத்துக்கிட்டே இருக்கேன், நெட்டு சுத்துது" என்று சொன்னாள். நெட்டு சுற்றவில்லை. சுலோசனா. இதுவும் புதுசு. போன பங்குனி வரைக்கும் அவள் அவருக்கு 'இந்தா'தான். இந்தா, தண்ணி கொண்டா. இந்தா, யாரோ பெல் அடிக்கிறாங்க பாரு. நெடுஞ்சாலைத் துறையில் எஞ்சினியராக இருந்து ஊர் ஊராக மாற்றலாகி, வெயிலில் தார் கொதிக்கிற இடத்தில் நின்று ஆட்களை அதட்டியே பழகின குரல் அது, வீட்டுக்குள்ளேயும் அதே உயரத்தில்தான் வரும். தெருவில் நடந்தால் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், பின்னால் அவள் வருகிறாளா என்று பார்க்கிற வழக்கமில்லை. பங்குனியில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மத்தியானமே இதயம் நின்றுபோய், டாக்டர்கள் மின்சாரம் வைத்து மறுபடி ஓட வைத்தார்கள். "கொஞ்ச நேரம் நம்ம கையில இல்லம்மா, அப்புறம் வந்துட்டார்" என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் சொன்னார். வந்துட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் காபி குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தார். முதல் நாள் அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. பத்து நாள் கழித்தும் கழுவி வைத்தபோது உள்ளுக்குள் ஏதோ சில்லிட்டது. தெருவில் இப்போது கூடவே நடக்கிறார், சமயத்தில் அரையடி பின்னால். சாப்பிடும்போது பேப்பர் படிப்பதில்லை, அவள் சாப்பிடுவதைப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்கிறார். மற்ற பெண்களானால் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவளால் முடியவில்லை, ஏனென்றால் இந்த மாதிரி இளகிப்போன தனஞ்செயனை அவள் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு மாற்றல் உத்தரவு வந்தபோதும். மானாமதுரையில், அரியலூரில், கம்பத்தில், எல்லா ஊரிலும் வருஷக்கணக்காக யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர் கடைசி வாரத்தில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார், பூந்தொட்டிகளைத் தூக்கிக் கொடுப்பார், பால்காரரிடம் குடும்பம் எப்படி என்று விசாரிப்பார். புறப்படப் போகிறவருடைய கனிவு அது. லாரி வந்து நிற்கிறவரைக்கும்தான். அப்படியானால் இப்போது எந்த ஊருக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று அவள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினாள். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் அந்தக் கேள்வி, பல்லிடுக்கில் மாட்டின பாக்குத்தூள்போல, நாக்கு தானாகப் போய்த் தொட்டுக்கொண்டே இருந்தது.

பம்பாயை நீட்டிவிட்டால் என்ன? பம்பாய் என்றால் கூட்டம். அவளுடைய பெரியப்பா மகள் ஒருத்தி அந்தக் காலத்தில் மாதுங்காவில் இருந்தாள், லீவுக்கு வரும்போதெல்லாம் ரயில் கதை சொல்வாள். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், நின்றால் போதும், கூட்டமே ஏற்றிவிடும், கூட்டமே இறக்கிவிடும் என்பாள். சுலோசனாவுக்கு அந்த வயசில் அது திருவிழா மாதிரி கேட்டது. இப்போது வேறு மாதிரி கேட்டது. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவரைத் தேடி வந்தால் கண்டுபிடிக்க முடியுமா? கடலோரத்தில் அந்த வளைந்த ரோட்டில் ஆயிரம் ஜோடி உட்கார்ந்திருக்கும், எல்லாரும் கடலைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகு காட்டி. அதில் இவர் எந்த முதுகு? எவன் வந்தாலும் எந்தத் தோளைத் தொடுவான்? மாதுங்காவில் மெஸ்ஸில் வரிசையில் நின்று இடம் பிடித்துச் சாப்பிடலாம், பக்கத்து இலைக்காரர் முழங்கை இவர்மேல் இடிக்கும். ரயிலில் இடிக்கும், ஃபெர்ரியில் இடிக்கும். உயிருள்ள மனிதர்களாக எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றால் அவர் நழுவிப்போக இடமே இருக்காது. மூன்று நாள், நான்கு நாள், எல்லா நாளும் அங்கேயே இருந்துவிட்டு, ஐயோ தோட்டத்துக்கு நாளில்லாமல் போச்சே என்று விமான நிலையத்தில் நின்று சொல்லிக்கொள்ளலாம். விரலால் திரையைத் தள்ளி அவள் பம்பாய்க்கு ஒரு ராத்திரியைக் கூட்டினாள். தோட்டத்துக்கு ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாசிக்கில் வேறு என்னதான் இருக்கிறது, கோயில் குளம் என்று திசை மாற்றிவிடலாமே என்று தேடினால், கோதாவரிக் கரையில் அஸ்தி கரைக்கிற படித்துறைதான் முதலில் வந்து நின்றது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சாம்பலைக் கொண்டுவருகிறார்களாம். படத்தில் மண்கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையோடு ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவசரமாக அதை மூடினாள். மூடிய விரலை, ஏதோ சூடானதைத் தொட்டுவிட்டதுபோல, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மழை சற்று ஓய்ந்த நேரத்தில் அவர் எழுந்து வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் ஊரைவிட்டுத் தள்ளி ஒரு தோட்டத்தைத் திறந்து வைத்திருந்தாள், நல்ல கட்டடம், நீச்சல் குளம், சுற்றிலும் மட்டமான நிலம்.

"இது நல்லா இருக்குல்ல? ரூமும் பெரிசு" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். "இது இல்ல."

"ஏன்?"

"கீழ தண்ணி இருக்கணும்."

"குளம் இருக்கே."

"இது கட்டின குளம். அப்படி இல்ல. நிலம் சரிஞ்சு போகணும், சரிவு முடியுற எடத்துல தண்ணி." அவர் கையைச் சாய்த்துக் காட்டினார், ரோட்டுக்கு வாட்டம் காட்டுகிற அதே கை. "பெரிய தண்ணி. அலையில்லாம."

"எதுக்கு அவ்வளவு தூரம்? திராட்சைதான் பாக்கணும்னா கம்பத்துக்கே போயிட்டு வரலாம். நாம இருந்த ஊர்தானே, கார் எடுத்தா அஞ்சு மணி நேரம்" என்றாள்.

"கம்பத்துல பந்தல் போட்டு மேல விட்டிருப்பான். கொத்து தலைக்கு மேல தொங்கும். குனிஞ்சு உள்ள போகணும்." அவர் பொறுமையாகச் சொன்னார். "இது பந்தல் இல்ல. வேலி மாதிரி. கம்பம் நட்டு கம்பி கட்டி, வரிசை வரிசையா. நடுவுல நிமிர்ந்து நடந்து போகலாம்."

சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம், குழாய்ச் சத்தம். சுலோசனாவின் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. கம்பத்தில் பந்தல் என்பது அவருக்குத் தெரியும், அங்கே ரோடு போட்டவர். ஆனால் வேலி மாதிரி வளர்க்கிற திராட்சையை இவர் எங்கே பார்த்தார்? மிருதுளா வாய்வார்த்தையாகச் சொன்னதைத் தவிர ஒரு படமும் அனுப்பவில்லை. இவர் டேப்லெட்டைத் தொடுவதில்லை. தெரியும். எங்கே பார்த்தார் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும், மகளிடம்கூட, சொல்லாமல் எட்டு மாதமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். இதயம் நின்று திரும்பினதற்கு அடுத்த நாள், தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். உதடு வெடித்து, கண் பாதி மூடி, குரலே இல்லாமல் காற்றாக அவர் சொன்னார்: "வரிசையா கொடி. கம்பியில கட்டியிருக்கு. முடிவே இல்ல. கீழ தண்ணி." நர்ஸ், மருந்து மயக்கம், அப்படித்தான் பேசுவாங்க என்றாள். சுலோசனா காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். "வெயில் இருக்கு, நிழலக் காணோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் பேசவேயில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் அது நடந்தது என்று ஆகிவிடும். வெயில் இருந்து நிழல் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது யோசித்துப் பார்த்திருக்கிறாள். உச்சி வெயிலில்கூடக் காலடியில் ஒரு துண்டு கறுப்பாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதுகூட இல்லாமல் நிற்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை அவர் அங்கே இருக்கிறார் என்று அவள் தைரியமாக இன்னொரு தோட்டத்தைத் தொட்டாள். படம் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. முதலில் வானம், பிறகு தாழ்ந்த மலை, அப்புறம் அணைத் தண்ணீர், அகலமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இஸ்திரி போட்டதுபோல. தண்ணீரை நோக்கி இறங்குகிற சரிவு முழுக்கக் கம்பம், கம்பி, கொடி. வரிசை, வரிசை, வரிசை. படம் எடுத்தவர் உச்சி நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவில் மண் ஒரே வெளிச்சமாக இருந்தது. அவள் திரையை நெருங்கி நிழலைத் தேடினாள். கம்பத்தின் அடியில் தேடினாள், கொடியின் அடியில் தேடினாள். எங்கேயும் காணோம். கீழே எழுதியிருந்தது, அறைகள் இருக்கின்றன, மாசி அறுவடைக் காலம், விருந்தினர்களும் கொத்து வெட்டலாம், வரவேற்கிறோம். வரவேற்கிறோமாம். இடம் இருக்கிறதாம். எவ்வளவு நாள் முன்பே இடம் போட்டு வைத்திருக்கிறார்களோ. இவர் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இடம் எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாரே அந்த மாதிரி. அப்புறம் சாமானைக் கட்ட வீட்டுக்கு வந்திருக்கிறார். டம்ளரைக் கழுவுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மத்தியானத் தூக்கத்தில் அவள் சட்டென்று கண்ணைத் திறந்தால் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவள் முகத்தைக்கூட இல்லை, மார்பை, அது ஏறி இறங்குவதை. முதல் தடவை பார்த்தபோது அலறிவிட்டாள். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றார். அன்றைக்குத்தான் இன்னொரு நினைப்பும் வந்தது: வந்தவர் அவர்தானா? உடம்பை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள், சரி, உள்ளே திரும்பி வந்தது யார்? அந்தக் கொடி வரிசைகளில் வழி தெரியாமல் வேறு யாரோ நின்றிருந்து, கூப்பிட்ட குரலுக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டால்? பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் அவரைச் சோதித்துப் பார்த்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "மானாமதுரையில நம்ம வீட்டுக்கு எதிர்த்தாப்ல என்ன கடை இருந்துச்சு, மறந்தே போச்சு" என்று கேட்டாள். "சைக்கிள் கடை" என்றார் உடனே. அவளுக்கு மூச்சு வந்தது. "அந்தக் கடையில ரேடியோ சத்தமா வச்சா நீ பின்கட்டுக்குப் போயி அழுதுட்டு வருவ, சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு" என்றார். வந்த மூச்சு அப்படியே நின்றது. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன வருஷம் அது. அவள் அழுதது அவருக்குத் தெரியும் என்று அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் காட்டிக்கொண்டதில்லை. பழைய தனஞ்செயனுக்கு அது தெரிந்திருந்ததா, தெரிந்தும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தாரா, அல்லது இந்தப் புதியவர் எங்கேயோ உயரத்திலிருந்து அந்த வீட்டைப் பார்த்தாரா? எது நல்லது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அதைவிடக் கேவலம், பழையவர் திரும்பி வந்து 'இந்தா' என்று கத்தினால் சந்தோஷப்படுவேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வரவில்லை. அதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குழாய் நின்றிருந்தது. எப்போது நின்றது? அவள் திரும்பவில்லை. பின்னால் அவர் மூச்சு கேட்டது, திரையின் வெளிச்சம் அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்து, அது மேகம் இருட்டின ஜன்னல் கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரங்களாகத் தெரிந்தது.

"இதான்" என்றார்.

குரலில் சந்தோஷம் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொல்வாரே, அந்தக் குரல்.

சுலோசனா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். சாதத்தட்டு இன்னும் எடுக்காமல் கிடந்தது, ஓரத்தில் காய்ந்த பருக்கைகள். இனிமேல் சுற்றிப்போக வழியில்லை என்று ஆனதும் அவளுக்கு ஒரு விதத்தில் தைரியம் வந்தது. "உக்காருங்க" என்றாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அங்க போனா நீங்க திரும்பி வருவீங்களா?"

"ஏன் இப்படிக் கேக்குற?"

"ஆஸ்பத்திரில சொன்னீங்க. வரிசையா கொடி, கீழ தண்ணி, நிழல் இல்லன்னு. நான் பக்கத்துல இருந்தேன்."

அவர் முகம் மாறியது. "சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எவ்வளவு சொன்னேன்?"

"அவ்வளவுதான்."

அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். "அப்ப மிச்சத்தைச் சொல்லல" என்றார்.

மழை மறுபடி பிடித்தது.

"எனக்கு அங்க பயமா இல்ல, சுலோசனா. ரோடு பாக்கப் போன மாதிரிதான் இருந்துச்சு. இறங்கி நடந்தேன். ஒரு வரிசைக்குள்ள ஒரு பொம்பளை குனிஞ்சு கொத்து வெட்டிக்கிட்டு இருந்தா. அந்தப் பக்கம் பாத்து. நான் பாத்த உடனே நின்னுட்டேன். உன் முதுகு எனக்குத் தெரியாதா?"

"நானா?"

"நீதான். எனக்கு முன்னாடியே வந்து, வந்து ரொம்ப நாளான மாதிரி வேலை பாத்துக்கிட்டு இருந்த. இவ எப்ப வந்தா, எங்கிட்ட யாரும் சொல்லலியேன்னு நெனச்சேன். அப்பதான் பயம் வந்துச்சு." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "இந்தான்னு கூப்பிட்டேன். எப்பவும் கூப்பிடுற மாதிரி. நீ திரும்பல. இன்னொரு தடவை கூப்பிட்டேன். திரும்பல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புவன்னு தோணுச்சு. வாயில பேரு வரல. அத்தனை வருஷமா சொல்லாத பேரு, சட்டுனு வருமா? தேடுறேன், தேடுறேன், வரமாட்டேங்குது. அதுக்குள்ள இங்க எழுப்பிட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். கன்னத்தில் நரைத்த முள். மூக்கின் மேல் கண்ணாடி அழுத்தின தடம். இது அவர்தான். வேறு யாரும் இல்லை, சந்தேகமே இல்லை, இந்த மனுஷர்தான். அந்த நிச்சயம் வந்த அதே நொடியில் அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. எட்டு மாதமாக அவள் அவரைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்து, மூச்சை எண்ணி, மாடிப்படியில் கையைப் பிடித்து. அதே எட்டு மாதமாக அவர் கட்டிலோரம் நாற்காலி போட்டு அவளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். புறப்படப் போகிறவருடைய கனிவு என்று அவள் நினைத்தது வழியனுப்ப வந்து நிற்பவருடைய கனிவு. ஊருக்குப் போகிறவள் அவள். மூட்டை அவளுடையது. கையைத் தூக்கிப் பார்த்தாள், தன் கைதான், வளையலுக்குக் கீழே மஞ்சள் கறை, பச்சை நரம்பு, அதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடுகிறதா? ரொம்ப நாளாகவே மாடியேறினால் இடது தோளில் ஒரு வலி வருகிறதே, துணி அலசின வலி என்று விட்டுவிட்டாளே, அது என்ன வலி? அவரிடம் சொல்லலாமா? சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும்?

"அப்புறம் எதுக்குங்க அங்க போகணும்?" என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வேண்டாம்னுதானே நெனைக்கணும்?"

"மிருதுளா அந்த மாதிரித் தோட்டம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்ன நாள்லருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. நெசமாவே அப்படி ஒரு எடம் இருந்தா, நான் போயி ஒவ்வொரு வரிசையா நடந்து பாத்து, அங்க நீ இல்லன்னு கண்ணால கண்டுட்டு வரணும். நீ என் பக்கத்துல நிக்கணும், அங்கயும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பகல்ல பாத்தாப் போதும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளும் அழுதிருப்பாள். ரோட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு கேள்வி வந்தது, கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது.

"நான் என்ன புடவை கட்டியிருந்தேன்?"

"என்னது?"

"அங்க. என்ன புடவை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பச்சை" என்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"பச்சைதான். வெயில்ல பளபளன்னு."

"என்கிட்ட பச்சையே கிடையாதுங்க!" அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "எனக்குப் பச்சை ஆகாதுன்னு எங்கம்மா சின்ன வயசுலருந்து எடுத்ததே இல்ல. நீங்க எப்பவாச்சும் நான் பச்சை கட்டிப் பாத்திருக்கீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல" என்றார். "இல்லல்ல?"

"வேற எவளோ! எவளோ ஒருத்தி முதுகைப் பாத்துட்டு வந்து எட்டு மாசமா என்னைப் பயமுறுத்திக்கிட்டு இருக்கீங்க. பொண்டாட்டி என்ன கலர் கட்டுவான்னு ஒருநாள் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்." அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார், தோள் குலுங்க, சத்தமில்லாமல், பிறகு சத்தமாக. கீழ் வீட்டில் கேட்டிருக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் டேப்லெட்டை நிமிர்த்தினாள். தோட்டத்தைக் கடைசியில் வைக்க வேண்டாம் என்று அவளுக்குத் தெளிவாகத் தோன்றியது. முதலில் தோட்டம். பகலில் போய், வரிசை வரிசையாக அவர் பார்த்து முடித்ததும் அன்றைக்கே மலையிறங்கிப் பம்பாய், அங்கே அத்தனை ராத்திரியும். கூட்டத்திலிருந்து வெறுமைக்குப் போகக் கூடாது, வெறுமையிலிருந்து கூட்டத்துக்கு வர வேண்டும். அவர் சரி என்றார். தோட்டம் சுற்றிப் பார்க்க ஒரு பகலுக்கு அவர் பெயரை அடித்தாள், தன் பெயரை அடித்தாள், ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல். இடம் உறுதியானது என்று வந்தது.

"நீ உக்காரு, நான் காபி போடுறேன்" என்று அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். இந்தத் தடவை அவளுக்குச் சில்லிடவில்லை. தட்டை எடுத்துப் போட்டுவிட்டு, மாசிக்கு அங்கே குளிருமா, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டே படுக்கையறைக்கு நடந்தாள். பீரோவைத் திறந்தபோது பாச்சை உருண்டை வாசனை வந்தது. அரக்கு, மஞ்சள், சாம்பல், காபிப்பொடிக் கலர். பச்சை இல்லை. சொன்னேனில்லை? கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதையும் தடவிப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த பட்டு ஒன்று விரலில் பட்டது. மிருதுளா நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது, ஒரே ஒரு தடவை மண்டபத்துக்குள் கட்டியது. மயில்கழுத்து. அதைப் பிரித்துக் கையில் வாங்கினாள். நீலம். அறை வெளிச்சத்தில் நல்ல நீலம்தான். ஆனால் எடுத்த அன்றைக்குக் கடைக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே அவளைக் கூட்டிப்போய், வெயிலில் பாருங்கம்மா, அப்பத்தான் இதோட அழகு தெரியும் என்று விரித்துக் காட்டினாரே, அங்கே அது என்னவாக மாறியது? அவள் புடவையை ஜன்னலருகே கொண்டுபோனாள். மழைவெளிச்சத்தில் அது நீலத்துப் பக்கமும் சாயாமல், பச்சைப் பக்கமும் சாயாமல் இருந்தது. மடிப்பைச் சற்றே திருப்பினாள். இன்னும் சற்றுத் திருப்பினாள்.

"சுலோசனா."

வாசற்படியில் அவர் நின்றிருக்க வேண்டும். அவள் கதவுக்கு முதுகு காட்டி, புடவைமேல் குனிந்திருந்தாள். அவர் அடுத்த மூச்சை எடுப்பதற்குள், பெயர் காற்றில் இருக்கும்போதே, சட்டென்று முழுசாகத் திரும்பினாள்.

"சர்க்கரை டப்பா எங்க?" என்றவர் அவள் கையைப் பார்த்தார். "அது என்ன கலரு?"

"நீலம்" என்றாள் சுலோசனா. வெள்ளைத் துணியில் அதைச் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் திணித்தாள். "அடுப்புல பால வச்சுட்டு இங்க வந்து நிக்கிறீங்களே, பொங்கி வழியப் போகுது, போங்க."